இருபத்தெட்டுப் பேரின் சம்மதம்

அந்த இருபத்தெட்டு டிக்கையும் போட்டவன் நான்தான். ஒரே மூச்சில் போட்டேன். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, மாணவர் பட்டியலைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, ஒவ்வொருவர் பேரிலும் கணக்குத் திறந்தேன், பாஸ்வேர்டு கொடுத்தேன். கடைசியில் வரும் நீளமான விதிமுறைப் பக்கத்தை விறுவிறுவென்று கீழே தள்ளி, "படித்துப் புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தைத் தொட்டேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் புது மென்பொருள் வந்தாலும் இதுதான் நடைமுறை. மாணவர்களிடம் விட்டால் பாதிப் பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்பார்கள், மீதிப் பேர் வராமலே வகுப்பில் உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பார்கள். அந்தப் பக்கத்தை யாராவது படித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். படித்திருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்.

வகுப்பறைகளில் கேமரா, மைக், திரை, பதிவு எல்லாம் என் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக இதே வேலை. மாணவர்களுக்கு நான் மைக் அண்ணன். பேராசிரியர்களுக்கு "ஏம்ப்பா, சத்தம் வரலையே".

எங்களிடம் எல்லா வகுப்பும் பதிவாகும். அந்தப் பதிவுகள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள் என்பது எனக்கே தெரியாது. யாரோ பார்க்கிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு வழக்கம் தானாக வந்து சேர்ந்தது. பேராசிரியருக்கு மனதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமென்றால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் பதிவை நிறுத்திவிட்டு, காதில் இருக்கும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் உண்மையான பாடம் நடக்கும். பிறகு ஹெட்போன் காதுக்கு வரும், பேராசிரியர் புத்தகத்துக்குப் போவார்.

இந்த வருடம் கடல் தாண்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தோடு கூட்டு வகுப்பு என்றார்கள். பொதுவெளியில் பேசுவதும் கருத்துரிமையும் பற்றிய பாடம். எந்தத் துறையானாலும் இறுதியாண்டில் கட்டாயம் எடுத்தாக வேண்டும். இங்கே இருபத்தெட்டுப் பேர், அங்கே இருபது பேர், நடுவில் ஆளுயரத் திரை. பாடம் நடத்துவது அங்கிருந்த பேராசிரியை. நல்ல மனுஷி, அதைச் சொல்லாவிட்டால் பாவம். யார் எதைச் சொன்னாலும் "தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது" என்றுதான் ஆரம்பிப்பார். எங்கள் பிள்ளைகள் அவருக்குத் தப்பில்லை மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நான் டிக் போட்டுக் கணக்குத் திறந்த அந்த மென்பொருளில் ஒரு பட்டை உண்டு. யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று ஒவ்வொரு பேருக்கும் நேராகப் பச்சைக் கோடு நீளும். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அந்தக் கோட்டுக்குத்தான். அங்கே இருப்பவர்கள் வாயைத் திறந்தால் மூட மாட்டார்கள். தங்கள் துணைவேந்தரைத் திட்டினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள், ஒரு பையன் தப்பில்லை மேடத்தையே எதிரில் வைத்துக்கொண்டு திட்டினான், அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். எங்கள் பக்கம் கோடே எழவில்லை. எங்கள் பிள்ளைகள் பாடம் படிக்காமல் வந்திருப்பதாக அவர் நினைத்தார். அவர்கள் வரி விடாமல் படித்திருந்தார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் ஒரு பையன் இருமினால்கூடக் கோட்டில் விநாடி ஏறுவதைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் எங்கள் வகுப்பில் கொஞ்ச நாள் ஒரே இருமல்.

அந்த இருபத்தெட்டில் ஒருத்தி என் அக்கா மகள். வேதியியல் மாணவி. அக்கா வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். அத்தான் போனபிறகு தனியாளாக இவளை வளர்த்து, படிப்புக்காக என்னிடம் விட்டிருந்தாள். நாலு வருடமாக எங்கள் வீட்டு மாடி அறைதான் அவளுக்கு. சின்ன வயதில் நிறுத்தாமல் பேசுவாள் என்று வீட்டில் ரேடியோ என்று கூப்பிட்டோம். பேரைக் கெடுக்காமல்தான் வளர்ந்தாள். போன வருடம் திடீரென்று அடங்கிப்போனாள். சாப்பிட வா என்றால் வருவாள், போ என்றால் போவாள். ஏதோ காதல் விவகாரம், தானாகச் சரியாகும் என்றாள் என் மனைவி. நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏழாவது வாரத்தில் பட்டியலைப் பார்த்தேன். இருமல்காரனுக்கு ஒன்றரை நிமிடம். இவளுக்குச் சுழி. இந்தப் பாடத்தில் தோற்றால் பட்டம் நின்றுவிடும். அக்காவுக்குச் சொன்னேன், அவள் தொலைபேசியிலேயே அழுதாள். நான் மாடிக்குப் போய் ஒரு பாட்டம் கத்தினேன். எதையாவது பேசித் தொலைக்கக் கூடாதா, வானிலை பற்றியாவது பேசேன் என்றேன்.

"எனக்குப் பேச ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மாமா. அதை விட்டுட்டு வேற எதுவும் வாயில வரமாட்டேங்குது."

"அப்ப அதைப் பேசு."

"அதைப் பேசக்கூடாது."

என்னவென்று கேட்டிருக்க வேண்டும். மாமன்காரன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான். நான் கேட்கவில்லை. "உனக்குப் பேசணும்னா என்னைப் பாரு, நான் ஹெட்போனைக் கழட்டிடறேன்" என்றேன். பெரிய உபகாரம் செய்வதுபோல் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தப்பில்லை மேடம் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் படிக்கிற இடத்தில், சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டது எது? அங்கே பத்துக் கை எழுந்தது. கேன்டீன் விலை, கழிவறை, மதிப்பெண் என்று என்னென்னவோ சொன்னார்கள். பிறகு அவர் எங்கள் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். என் அக்கா மகள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

நான் பதிவை நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவள் எழுந்து நின்றாள். 

"போன வருஷம் எங்க லேப்ல ஒரு அக்கா செத்துப்போனாங்க. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவங்க. உடம்பு சரியில்லாம இறந்துட்டாங்கன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அது இல்ல. கரண்ட் போச்சு, கார்டு வச்சுத் திறக்கிற கதவு திறக்கல, உள்ள புகை. அவங்க கதவைத் தட்டினாங்க. நாங்க மூணு பேரு வெளிய நின்னோம். வாட்ச்மேன்கிட்ட ஓடினோம். கதவை உடைக்க மேலிடத்துல கையெழுத்து வேணும்னாரு. கையெழுத்து வர இருபது நிமிஷம் ஆச்சு. தட்டுற சத்தம் நின்னதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. மறுநாள் எங்க எல்லார்கிட்டயும் ஒரு பேப்பர் குடுத்து, நான் அன்னைக்கு அந்தக் கட்டடத்துலேயே இல்லன்னு எழுதச் சொன்னாங்க. நானும் எழுதினேன். நல்லா அழகான கையெழுத்துல எழுதினேன்."

உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் எல்லோரும் மறுபடி மேசையைப் பார்த்தார்கள்.  ஒரு வருடமாக என் வீட்டு மாடியில் இதை வைத்துக்கொண்டா இருந்தாள் என்று நினைத்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே திரையில் இருபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தப்பில்லை மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டையில் அவள் கோடு இரண்டு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. பரவாயில்லை, நம் பக்கம் பதிவு இல்லை, இருபத்தெட்டும் நம் பிள்ளைகள், வெளியே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பதிவு தனியாக ஓடும் என்பது எனக்குத் தெரியும், தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். அது மதிப்பெண்ணுக்காக என்று நினைத்திருந்தேன்.

பதினோரு நாள் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவள் முகம் வந்தது. முழுப் பெயரும் துறையும் போட்டு, "துணிச்சலான ஒரு குரல்" என்று தலைப்பு வைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மாலை போட்டு மேடையில் ஏற்றுவது. ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரும் பார்த்தார். மறுநாள் காலை ஒழுங்கு விசாரணைக் குழுவிலிருந்து அவளை விசாரணைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் என் அறையைத் தாழிட்டுக்கொண்டு தப்பில்லை மேடத்தைக் கூப்பிட்டேன். காணொளியை உடனே எடுத்துவிடுங்கள், பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியர், ஊழியர் கேட்டு ஒரு மாணவியின் குரலை நாங்கள் நீக்கினால் அதற்குப் பேர் தணிக்கை, இப்படிப்பட்ட அழுத்தத்திலிருந்து மாணவர்களைக் காப்பாற்றத்தான் எங்களிடம் விதியே இருக்கிறது என்றார். அவளே கேட்டால் அந்த நிமிடமே எடுத்துவிடுவோம், ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாமல், அவளாகவே, அவள் வாயால் கேட்க வேண்டும். தவிர, வெளியிடுவதற்கு அவள் முன்பே சம்மதித்திருக்கிறாளே என்றார்.

"அந்த டிக் அவ போட்டதில்ல மேடம். நான் போட்டேன். இருபத்தெட்டுப் பேருக்கும் நான்தான் போட்டேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"இன்னொருத்தரோட சம்மதத்தை நீங்க எப்படிக் குடுக்க முடியும்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.  ஐம்பது வயதில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, எனக்காக யாரோ தலையாட்டியும் யாருக்காகவோ நான் தலையாட்டியும்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன், நீயே கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிடு என்று. அவள் மாட்டேன் என்றாள். இறந்த பெண்ணின் அப்பா காலையில் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். பஸ் டிரைவர். காணொளியை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். மகளுக்கு இதயக் கோளாறு என்று சொல்லி உடலைக் கொடுத்தார்களாம். ஒரு வருடமாக, அவளுக்கு அப்படி ஒரு கோளாறு இருந்தது தகப்பனுக்குத் தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டு கிடந்திருக்கிறார் மனிதர். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

"எடுக்க வேண்டாம் மாமா. ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் மூச்சு விடுறேன்."

அன்றைக்கு அவள் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பதிவாளர் என்னைத் தனியாக அழைத்தார். மரியாதையான மனிதர், எழுந்து நின்று உட்காரச் சொன்னார். எனக்கும் பெண் இருக்கிறது, பிள்ளையின் எதிர்காலத்தில் மண்ணைப் போட நமக்கென்ன ஆசையா என்றார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இதைக் கேமராவுக்கு முன்னால் படித்துவிட்டால் போதும், குழு அதைக் கருணையோடு பார்க்கும். தாளில் ஆறு வரி. அன்று நான் அந்தக் கட்டடத்தில் இல்லை. கேள்விப்பட்டதை நேரில் கண்டதுபோல் சொன்னேன். கவனம் ஈர்க்கும் ஆசையில் பொய் பேசினேன். மன்னிப்புக் கேட்கிறேன். மீதி இரண்டு வரி பல்கலைக்கழகத்தின் பெருமை.

மூன்று நாள் அவளோடு மல்லுக்கட்டினோம். அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அவளும் கெஞ்சினாள், என் மனைவியும் கெஞ்சினாள். ரெண்டு நிமிஷம், கண்ணை மூடிக்கொண்டு படித்துவிட்டு வந்துவிடு, பட்டத்தை வாங்கிக்கொண்டு எங்கேயாவது போய் எதை வேண்டுமானாலும் பேசு என்று நான் சொன்னேன். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்றாம் நாள் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னைக் கொன்னுட்டு உன் நியாயத்தைப் பேசிக்கோ" என்றாள். என் அக்கா மகள் எழுந்தாள். போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பதிவு செய்தது நான்தான். வேறு யாரிடம் அந்த வேலையைக் கொடுப்பார்கள். பதிவாளர் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அவள் சட்டைக் காலரில் மைக்கை மாட்டினேன்.   முதல் தடவை தாளைப் பார்த்தே படித்தாள், நிமிர்ந்து படிக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது, வருத்தம் தெரியவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை "அன்று நான் அந்தக் கட்டடத்தில் இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு தொடர்ந்தாள். இது நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் பதிவாளர். அந்தக் கோப்பைப் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்றியதும் நான்தான்.

நாலு நாள் கழித்துக் குழுவின் தீர்ப்பு வந்தது. மாணவி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபடி, நடக்காத ஒன்றை நடந்ததாக வெளிநாட்டார் முன்னிலையில் கூறி நிறுவனத்தின் பேரைக் கெடுத்தது நிரூபணமாகிறது, ஆகவே நீக்கப்படுகிறார். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் மூன்று நாள் கெஞ்சி வாங்கிக் கொடுத்த ஆறு வரிதான் சாட்சி. அது இல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள் என்று எனக்கு வேண்டிய குமாஸ்தா ஒருவர் பிறகு சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

தப்பில்லை மேடத்திடமிருந்து அன்றே கடிதம் வந்தது. ஒரு மாணவி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் நாங்கள் மதிக்கிறோம் என்று எழுதியிருந்தார். இரண்டு காணொளியையும் அடுத்தடுத்து வைத்து, இவற்றுள் எது சுதந்திரமான பேச்சு என்று வகுப்பில் விவாதிக்கப் போகிறார்களாம். எங்கள் பிள்ளைகளும் தாராளமாகக் கலந்துகொள்ளலாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். உடைத்தால் அதற்கும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த டிரைவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். அவள் தன் தொலைபேசியை அணைத்து வைத்திருந்ததால் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். மேல்முறையீட்டுத் தாள்கள் மேசையில் இருந்தன. அக்கா அவற்றில் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அதைச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டையும் பார்த்தேன் சார். பொண்ணை நான் குறை சொல்லல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எம்பொண்ணு அன்னைக்குக் கதவைத் தட்டினாளா, இல்லையா?"

எங்கள் எண்கள் எல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்தவை. அதில் பேசுவது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் அப்படியே தாளின்மேல் நின்றது.

"இல்லைங்க. பிள்ளை ஏதோ தெரியாம சொல்லிட்டா. அப்படி எதுவும் நடக்கல" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.  பிறகு வைத்துவிட்டார்.

திரும்பினால் மாடிப்படியின் கடைசிப் படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியாது. என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி, அதே எண்ணுக்குக் கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை, அக்காவும் தடுக்கவில்லை, அதற்கான தெம்பு எங்கள் இருவருக்குமே இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அன்று முழுக்கக் கூப்பிட்டாள்.

மேல்முறையீட்டில் அவள் கையெழுத்துப் போடவில்லை, முப்பது நாள் கடந்துவிட்டது. இப்போதும் தினமும் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைக் கூப்பிடுகிறாள். அவர் எடுப்பதில்லை. என்னோடு அவள் பேசுவதில்லை. நானே அவர் ஊருக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம், பஸ்ஸில் ஆறு மணி நேரம்தான். இரண்டு தடவை பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.